தொட்டிக்கரியும் காற்றில் கலந்த நஞ்சும்

(காங்கேயத்தில் பொதுமக்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலையை முடித்துவிடுகிறேன். மேசைமேல் இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் இருக்கின்றன. பெயின்ட் கடையில் வாங்கிய தின்னரை இரண்டிலும் இரண்டிரண்டு சொட்டு விடுகிறேன். முன்வரிசைக்கு நெடி வந்திருக்கும். இப்போது ஒரு பாட்டிலில் மட்டும் ஒரு கைப்பிடி கரிக்குருணை போடுகிறேன். இரண்டையும் இறுக மூடி வைத்தாயிற்று. அரைமணி நேரம் இப்படியே இருக்கட்டும். பிறகு திறப்போம்.

அடுத்து இந்த டம்ளர். பாதிவரை தண்ணீர் இருக்கிறது. இதிலும் கொஞ்சம் குருணை போடுகிறேன். தம்பி, நீங்கள் இங்கே வந்து காதை வைத்துக் கேளுங்கள். சோடா உடைத்ததும் வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறதா? குமிழ் குமிழாகக் காற்று மேலே வருவதும் தெரியும். இந்தக் குருணையின் உடம்புக்குள் இருந்த காற்று அது. கல் மாதிரி கெட்டியாகத் தெரிகிற பொருளுக்குள் அவ்வளவு காற்று எங்கே இருந்தது என்பதுதான் இன்றைய பேச்சின் முதல் கேள்வி.

குருணை எதில் செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் ஓட்டை நாம் தொட்டி என்கிறோம். சென்னைப் பக்கம் கொட்டாங்குச்சி. நாகர்கோவிலிலும் யாழ்ப்பாணத்திலும் சிரட்டை. களத்தில் தேங்காயை உடைத்துப் பருப்பை எடுத்த பிறகு மலை மாதிரி குவிந்து கிடப்பதைச் சுட்டால் தொட்டிக்கரி. அந்தக் கரியை மறுபடி சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவியோடு சேர்த்து வாட்டினால் கிளர்வூட்டிய கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன். ஆலைக்காரர்கள் சுருக்கமாகக் கார்பன் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தச் சூட்டில் நீராவி செய்கிற வேலை அரிக்கிற வேலை. நீராவியின் ஆக்சிஜன் கரியின் ஓர் அணுவைப் பற்றிக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. ஹைட்ரஜன் தனியே போகிறது. அணு போன இடத்தில் பள்ளம் விழுகிறது. இப்படிக் கோடானுகோடிப் பள்ளங்கள் சந்துகளாகவும் பொந்துகளாகவும் உள்ளே பரவுகின்றன. சூட்டை நேரத்தோடு நிறுத்தாவிட்டால் சந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து குருணையே பொடிந்துபோகும். மூன்று கிலோ கரி உள்ளே போனால் ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன்தான் வெளியே வரும். மீதி எரிந்து போனது இல்லை, துளையாக மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துளைகளின் சுவர்களை எல்லாம் பிரித்துத் தரையில் விரித்தால் ஒரு கிராம் கார்பனுக்குச் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். நம் நிலக்கணக்கில் 25 சென்ட். நாலு கிராம் கையில் வைத்திருந்தால் ஒரு ஏக்கர் பரப்பை உள்ளங்கையில் வைத்திருக்கிறீர்கள். இந்தப் பரப்பை அளக்கிற கணக்கை 1938-இல் புரூனாவர், எம்மெட், டெல்லர் என்ற மூவர் கொடுத்தார்கள். இன்றும் அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் அது பிஇடி பரப்பு எனப்படுகிறது.

பரப்பு எதற்கு? காற்றிலுள்ள மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ள. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல நினைத்துவிடக் கூடாது. உறிஞ்சுவதில் பொருள் உள்ளே கரைந்து பரவும். இங்கே சுவரின் மேலே மட்டும் படிகிறது. பாடநூலில் இதைப் பரப்புக் கவர்ச்சி என்று படித்திருப்பீர்கள். ஸ்வீடனின் ஷீலே 1773-இலேயே கரி வாயுக்களைப் பிடிப்பதைக் கண்டார். அதற்குத் தனிப்பெயர் 1881-இல் கைசர் என்ற ஜெர்மானிய அறிஞர் வழியாகத்தான் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரெய்க்கோ என்பவர் கிளர்வூட்டிய கரியைத் தொழிலாகச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு வந்தது முதல் உலகப் போர். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டில் ரஷ்யாவின் செலின்ஸ்கி கரி முகமூடியை உருவாக்கினார். அமெரிக்காவில் முகமூடிக் கரிக்குத் தேங்காய்த் தொட்டிதான் சிறந்தது என்று கண்டுகொண்டார்கள். அது போதுமான அளவு கிடைக்காததால் பீச் பழக்கொட்டைகளைச் சேர்த்துக் கொடுக்கும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் களத்து ஓரத்தில் கொட்டி வைத்திருந்த பொருள் அங்கே உயிர் காக்கும் பொருளாக இருந்தது.

இன்றைக்கு நம் மூக்கருகே போர்வாயு இல்லை. அதைவிட மெதுவாக வேலை செய்கிற வாயுக்கள் இருக்கின்றன. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்பது அவற்றின் பொதுப்பெயர். பெட்ரோல் பங்கில் வருகிற நெடியில் பென்சீன் இருக்கிறது. பெயின்டிலும் பசையிலும் அச்சு மையிலும் டொலுவீன், சைலீன் இருக்கின்றன. புது பீரோவோ பிளைவுட் அலமாரியோ வீட்டுக்கு வந்த முதல் வாரம் கதவைத் திறந்தால் கண் கரிக்கும். அது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு. பலகையை ஒட்டிய பிசினிலிருந்து வருவது. பென்சீனும் ஃபார்மால்டிஹைடும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. நம் நாட்டில் 2009-இல் வந்த காற்றுத் தர வரையறையின்படி பென்சீன் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

இந்த ஐந்து மைக்ரோகிராமை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. எடையில் சுமார் 24 கோடியில் ஒரு பங்குதான் பென்சீன். அந்த ஒரு பங்கைத் தேடிப் பிடிக்கிற வேலையைத்தான் நாம் இந்தக் கரியிடம் ஒப்படைக்கிறோம்.

இங்கேதான் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது. பரப்பு கூடினால் பிடிப்பும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆராய்ச்சி மாணவர்களும் நம்புகிறார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துச் சுட்டால் ஒரு கிராமுக்கு 3,000 சதுர மீட்டரைத் தொடுகிற கார்பன் கிடைக்கும். அந்த எண்ணைப் பார்த்து மயங்கியவர்கள் ஏராளம். ஆனால் அப்படிச் செய்யும்போது துளைகள் அகலமாகிவிடுகின்றன. பென்சீன் மூலக்கூறின் அகலம் சுமார் 0.6 நானோமீட்டர். அதைவிடக் கொஞ்சம் மட்டும் அகலமான சந்தில் அது நுழைந்தால் இரண்டு பக்கச் சுவரும் அதை இழுத்துப் பிடிக்கும். அகலமான கூடத்தில் நுழைந்தால் ஒரு பக்கச் சுவர் மட்டுமே பிடிக்கும்; சூடு கொஞ்சம் ஏறினாலும் விட்டுவிடும். ஆகவே காற்றில் நஞ்சு மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் வேலை செய்வது ஒரு நானோமீட்டருக்கும் குறைவான சந்துகள்தான். தொட்டிக் கார்பனுக்கு இயற்கையாகவே அத்தகைய சந்துகள் மிகுதி. மரக்கரியில் அகலத் துளைகள் கூடுதல்.

அகலத் துளை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலக்கூறு சந்துக்குப் போய்ச்சேர அகலத் துளைகள்தாம் வழி. ஊருக்குள் முடுக்கு இருந்தால் போதாது, ஊருக்கு வர ரோடும் வேண்டும் அல்லவா?

இன்னொரு எண் உங்களில் பலருக்குத் தெரியும். அயோடின் வேல்யூ. கரைசலில் உள்ள அயோடினை ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் பிடிக்கிறது என்பது. ஆயிரம், ஆயிரத்து நூறு என்று விலை பேசுகிறார்கள். சரக்கு சீராக இருக்கிறதா என்று பார்க்க நல்ல சோதனைதான். ஆனால் அயோடினைத் தண்ணீரிலிருந்து பிடிப்பது வேறு, மழைக்காலக் காற்றிலிருந்து பென்சீனைப் பிடிப்பது வேறு. மாப்பிள்ளை நன்றாக நீந்துவார் என்பதை வைத்து அவர் நன்றாகச் சமைப்பார் என்று முடிவு செய்ய முடியாது.

மழைக்காலம் என்று சொன்னேன். இந்தப் பேச்சில் நான் மிகவும் சொல்ல விரும்புவது இதைத்தான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முப்பது டிகிரி வெப்பம், எழுபத்தைந்து விழுக்காடு ஈரப்பதம். சென்னையில் இது சாதாரண நாள். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். பென்சீன் 5 மைக்ரோகிராம். மூலக்கூறுக் கணக்கில் பார்த்தால் ஒரு பென்சீனுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி நீர் மூலக்கூறுகள். இந்தக் கூட்டத்தில் அந்த ஒற்றை பென்சீனுக்கு இடம் கிடைக்க வேண்டும்.

இயற்கையிலேயே கரிக்குத் தண்ணீர் அவ்வளவாகப் பிடிக்காது. கரியின் சுவர் கிராஃபைட் தாள்கள் கலைந்து கிடப்பது போன்றது. எண்ணெய்த் தன்மையுள்ள பென்சீனைத்தான் அது விரும்பும். அதனால் ஈரப்பதம் 40 விழுக்காடு வரை பெரிதாகப் பாதகமில்லை. அதற்கு மேலே போனால் கதை மாறுகிறது. கரித்தாளின் விளிம்புகளில் ஆங்காங்கே ஆக்சிஜன் ஒட்டியிருக்கும். கார்பாக்சில், ஃபீனால், லாக்டோன் என்று வினைசெயல் தொகுதிகளாக. முதல் நீர் மூலக்கூறு அங்கே வந்து உட்காரும். அது பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. அடுத்த நீர் அதைப் பிடித்துக்கொண்டு உட்காரும், அதன் கையைப் பிடித்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் சந்தின் இரு சுவர்களுக்கும் இடையே தண்ணீர் பாலம் கட்டிவிடும். 50, 60 விழுக்காட்டில் கார்பன் தண்ணீரை வாரிக்கொள்வதைக் காட்டும் வரைகோடு செங்குத்தாக மேலே ஏறும். பிறகு வருகிற பென்சீன் நிற்க இடமில்லாமல் கடந்து போய்விடும்.

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இதில் அடிபட்டேன். கார்பனை நைட்ரிக் அமிலத்தில் போட்டுக் கொதிக்கவைத்தால் விளிம்பில் நிறைய ஆக்சிஜன் தொகுதிகள் ஏறும். போயம் என்ற ஜெர்மானிய வேதியியலர் தந்த தரம்பார்த்தல் முறையில் அவற்றை எண்ணிவிடலாம்: சோடியம் பைகார்பனேட்டோடு எவ்வளவு, சோடியம் கார்பனேட்டோடு எவ்வளவு, சோடியம் ஹைட்ராக்சைடோடு எவ்வளவு என்று. இரவு பகலாக உட்கார்ந்து எண்ணினேன். தொகுதிகள் பெருகியிருந்தன. மாற்றம் செய்தாயிற்று, இனி எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நம்பினேன். கண்ணாடிக் குழாயில் கார்பனை நிரப்பி ஒரு பக்கம் டொலுவீன் கலந்த காற்றை விட்டு, மறுபக்கம் டொலுவீன் எட்டிப்பார்க்கும் நேரத்தைக் குறிப்பது வழக்கம். காற்றை ஈரமாக்கி விட்டதும், நான் பாடுபட்டுச் செய்த கார்பன், ஒன்றுமே செய்யாத பழைய கார்பனைவிட வெகு சீக்கிரம் கைவிட்டது. நான் நஞ்சுக்கு இடம் செய்வதாக எண்ணிக்கொண்டு தண்ணீருக்குத் துண்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு வறண்ட காற்றில் மட்டும் செய்த சோதனையை நான் நம்புவதில்லை.

சரியான வழி அதற்கு எதிர்த்திசை. கார்பனை 800, 900 டிகிரிக்கு மேல் நைட்ரஜன் ஓட்டத்திலோ ஹைட்ரஜன் ஓட்டத்திலோ வாட்டினால் ஆக்சிஜன் தொகுதிகள் கார்பன் டைஆக்சைடாகவும் மோனாக்சைடாகவும் கழன்று ஓடிவிடும். சுவர் மறுபடி எண்ணெய்த் தன்மை பெறும். பென்சீன் வளையத்தை இழுக்கும் எலக்ட்ரான் வளமும் கூடும். இதில் ஒரு நுட்பம் உண்டு. வெறும் நைட்ரஜனில் வாட்டினால் காலியான விளிம்பு பசியோடு இருக்கும். வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். ஹைட்ரஜனில் வாட்டினால் அந்த விளிம்புகளை ஹைட்ரஜன் மூடிவிடும். நீண்ட நாள் நிலைக்கும். சிலிக்கோன் வகைப் பொருளை மெல்லிய படலமாகப் பூசித் தண்ணீரைத் தடுப்பது இன்னொரு வழி. பூச்சு சற்றுத் தடித்தாலும் சந்தின் வாயையே அடைத்துவிடும் என்பதால் அதைச் செய்பவருக்குக் கை நிதானம் வேண்டும்.

அப்படியானால் ஆக்சிஜன் தொகுதிகள் எப்போதும் கெடுதியா? இல்லை. அம்மோனியாவைப் பிடிக்க அந்த அமிலத் தொகுதிகள்தாம் வேண்டும். யாரைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரியாமல் கார்பனை மாற்றப் புறப்படுவதில் பொருளில்லை. நோயைக் கேட்காமல் மருந்து எழுதுகிற மருத்துவரிடம் நாம் போவோமா?

ஃபார்மால்டிஹைடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பென்சீன் 80 டிகிரியில் கொதிக்கும், டொலுவீன் 111-இல். ஃபார்மால்டிஹைடு கொதிப்பது பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 19 டிகிரியில். மிகச் சிறிய மூலக்கூறு, துடிப்பானது, தண்ணீரோடு உறவு கொண்டாடுவது. சாதாரணக் கார்பன் சுவரில் ஒட்டினாலும் அடுத்த நொடி பறந்துவிடும். இதற்குச் சந்தின் அகலம் மட்டும் போதாது. சுவரில் வேதியியல் கை ஒன்று முளைக்க வேண்டும். அமீன் எனப்படும் நைட்ரஜன் தொகுதிகளைக் கார்பனில் ஏற்றினால், அவை ஃபார்மால்டிஹைடோடு வினைபுரிந்து உண்மையான பிணைப்பை உண்டாக்கிக்கொள்ளும். பிறகு சூடு ஏறினாலும் எளிதில் விடாது. மாங்கனீஸ் ஆக்சைடை ஏற்றினால் அறை வெப்பத்திலேயே அதைச் சிதைக்கவும் முடியும். அணுமின் நிலையங்களில் கதிரியக்க மெத்தில் அயோடைடைப் பிடிக்கக் கார்பனில் டிரைஎத்திலீன் டைஅமீன் ஏற்றுவதும் இதே தத்துவம்தான்.

உலோகம் ஏற்றுகிற பழக்கம் முதல் உலகப் போரிலிருந்தே இருக்கிறது. செம்பு ஏற்றிய கார்பனுக்கு, அதைச் செய்த வெட்செல், ஃபுல்லர் என்ற இருவரின் பெயரைச் சேர்த்து வெட்லரைட் என்று பெயரிட்டார்கள். பின்னாளில் செம்பு, வெள்ளியோடு குரோமியத்தையும் சேர்த்தார்கள். ஆறு இணைதிறன் கொண்ட அந்தக் குரோமியமே புற்றுநோய் தரக்கூடியது என்று தெரிந்ததும் அதை நீக்கி வேறு கலவைக்குப் போனார்கள். காற்றை வடிகட்டப் போட்ட பொருளே நஞ்சாகிவிடக் கூடாது என்பதை அந்தத் துறை கற்றுக்கொண்டது அப்படித்தான். எதை ஏற்றினாலும் அது சந்துக்குள் இடத்தை அடைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். ஒன்றைப் பிடிக்க ஏற்றுகிறோம், இன்னொன்றைப் பிடிக்கும் இடம் குறைகிறது. எல்லாவற்றையும் பிடிக்கும் கார்பன் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

அரைமணி நேரம் ஆகிவிட்டது. பாட்டில்களைத் திறக்கிறேன். அம்மா, முதல் பாட்டிலை முகர்ந்து பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார்கள்! இப்போது குருணை போட்ட பாட்டில். ஒன்றும் வரவில்லை என்கிறார்கள். தின்னர் எங்கும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது. இந்தப் பாட்டிலைக் கொதிநீரில் வைத்துச் சூடாக்கினால் நெடி மறுபடி தலைகாட்டும். பிடித்ததை விடுவிப்பதும் கார்பனின் குணம்தான்.

விடுவிப்பது குறையல்ல, சில இடங்களில் அதுதான் தேவை. வெளியே நிற்கிற உங்கள் வண்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பிஎஸ்-6 விதி. புது பைக்கில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும், கேனிஸ்டர் என்பார் மெக்கானிக். உள்ளே கார்பன். வண்டியை வெயிலில் நிறுத்தினால் டேங்க்கில் பெட்ரோல் ஆவியாகும். அந்த ஆவி காற்றில் கலக்காமல் டப்பாவுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டியை ஓட்டும்போது எஞ்சின் அதன் வழியாகக் காற்றை இழுக்கும். ஒட்டியிருந்த பெட்ரோல் கழன்று எஞ்சினுக்குள் போய் எரியும். மாலையில் டப்பா மறுபடி காலி. இந்த வேலைக்கு நம் தொட்டிக் கார்பன் அவ்வளவு பொருந்தாது. அதன் சந்துகள் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டா. மரத்தூளில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்துச் செய்கிற, சற்று அகலத் துளையுள்ள கார்பன்தான் இங்கே பொருத்தம்.

ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்காக இரண்டு எச்சரிக்கைகள். மெத்தில் எத்தில் கீட்டோன், சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான்களைக் கார்பன் படுகையில் பிடிக்கும்போது சூடு எழும். கார்பனின் மேலேயே அவை வினைபுரிந்து மேலும் சூடாகும். காற்றோட்டம் குறைந்தால் படுகை தீப்பிடிக்கும். அப்படிப் பிடித்த தீ வெளிநாட்டு ஆலைகளில் பலமுறை பதிவாகியிருக்கிறது. இரண்டாவது இன்னும் முக்கியம். ஈரமான கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். கார்பன் நிரப்பிய மூடிய கலனுக்குள் ஆக்சிஜனை அளக்காமல் யாரும் இறங்கக் கூடாது, ஒரு நிமிட வேலையாக இருந்தாலும். உள்ளே விழுந்தவரைத் தூக்க இன்னொருவரும் அப்படியே இறங்கக் கூடாது. உங்கள் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போகிறார்கள், வீட்டில் சொல்லுங்கள்.

வீட்டுக்கு ஏர் பியூரிஃபையர் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. பல கருவிகளில் கார்பன் ஃபில்டர் என்று இருப்பது கார்பன் தூவிய ஒரு துணி மட்டுமே. சில கிராம் இருந்தால் அதிகம். காற்று அதைக் கடக்கிற நேரமும் கண்ணிமைக்கும் நேரம்தான். கடையில் எத்தனை கிராம் கார்பன் இருக்கிறது என்று கேளுங்கள். ஃபார்மால்டிஹைடுக்கென்று ஏதாவது ஏற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஜன்னலைத் திறந்துவையுங்கள், செலவில்லை. புது அலமாரியைக் காற்றோட்டமான இடத்தில் கதவு திறந்து சில வாரம் வைத்த பிறகு படுக்கையறைக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக நம் ஊர்க் கதை. இதைச் சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குக் கிழக்கே குழி வெட்டித் தொட்டி சுடுவார்கள். குழியில் தொட்டியைப் போட்டுத் தீ வைத்து, மேலே மேலே நிரப்பி, கடைசியில் தகரத்தையும் மண்ணையும் போட்டு மூடுவார்கள். காற்று கிழக்கே இருந்து வீசினால் அம்மா கொடியில் காயப்போட்ட வேட்டிகளை ஓடி ஓடி எடுப்பார். எடுக்கத் தவறினால் வெள்ளை வேட்டி பழுப்பேறிக் கிடக்கும். விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும். மறுபடி துவைத்தாலும் அந்த வாடை போகாது. கரியை அணைக்க ஊற்றிய தண்ணீர் ஊறிப்போய்ப் பக்கத்துக் கிணறு தேநீர் நிறமானதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்று கிலோ தொட்டியைச் சுட்டால் ஏறத்தாழ ஒரு கிலோ கரி. மீதி இரண்டு கிலோ நீராவியாகவும் புகையாகவும் போகிறது. அந்தப் புகையில் தார், அசிட்டிக் அமிலம், மெத்தனால், ஃபீனால்கள், பென்சீன் எல்லாம் இருக்கின்றன. எங்கோ ஓர் ஊரின் காற்றிலிருந்து ஒரு மைக்ரோகிராம் பென்சீனைப் பிடிக்கும் பொருளைச் செய்வதற்காக, இங்கே கிலோக்கணக்கில் புகையை நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில் விடுவது நியாயமில்லை. அதை நியாயம் என்று சொல்லும் கணக்கு எதையும் நான் ஏற்கமாட்டேன்.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. அந்தப் புகை நல்ல எரிபொருள். மூடிய சூளையில் சுட்டு, புகையைத் தனி அறைக்குக் கொண்டுபோய் முழுவதும் எரித்தால் வெளியே வருவது பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடும் நீராவியும்தான். அந்தச் சூட்டில் கொதிகலனை ஓட்டலாம். கிளர்வூட்டத் தேவையான நீராவியே அதிலிருந்து கிடைக்கும். இலங்கையில் படல்கமவில் சிரட்டைக் கரி சுடும்போது எழும் வாயுவிலிருந்து மின்சாரமே எடுத்திருக்கிறார்கள்.

ஆலை நடத்தும் பெரியவர்கள் பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். இன்னமும் திறந்த குழியில் சுட்ட கரியை வாங்குகிறவர்கள், வாங்கும்போதே மூடிய சூளையில் சுட்டதுதான் வேண்டும் என்று கேளுங்கள். வாங்குபவர் கேட்டால் சுடுபவர் மாறுவார். இரண்டாவது, உங்கள் பரிசோதனைக் கூடத்தில் அயோடின் வேல்யூ பார்க்கிற மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு கண்ணாடிக் குழாயை மாட்டுங்கள். 75 விழுக்காடு ஈரக் காற்றில் டொலுவீன் எவ்வளவு நேரத்தில் எட்டிப்பார்க்கிறது என்று ஒவ்வொரு சரக்குக்கும் குறித்துவையுங்கள். அதைச் செய்துதர வேதியியல் படித்த மாணவர்கள் இதோ பின்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் பேசிவிட்டுப் போங்கள்.